கும்மிடிப்பூண்டியில் நடக்காத பேச்சு

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தாம்பரம் தாண்டினாலே வெளிநாடுதான். என் வீட்டுக்காரர் இன்றுவரை சென்னை என்று சொல்வதில்லை, "அங்கிட்டு" என்பார். அங்கிட்டுக்கும் அங்கிட்டாக, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் வலைப்பதிவர் மாநாடு என்று எனக்கு அழைப்பு வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட் எடுத்து வச்சுட்டியா?"

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் வலைப்பதிவு எழுதுவேன். பெயர், 'கூட்டம் போனோம், சோறு தின்னோம்'. பதிவர் மாநாடு, பட்டறை, சந்திப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவேன். போய் வந்து நடந்ததை எழுதுவேன். மைக் கரகரத்தால் கரகரத்தது, சாம்பார் தண்ணீராக இருந்தால் தண்ணீர், பேச்சு நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது. இந்தப் பழக்கத்தால் ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுமுறை கூப்பிடுவதில்லை. ஆகவே புதிதாகத் தொழிலுக்கு வரும் அமைப்பாளர்களை நம்பித்தான் என் வண்டி ஓடுகிறது. இந்த முறை மாட்டியவர் வரதன்.

மாநாட்டின் செலவு முழுவதும் ஒரு டப்பா கம்பெனியுடையது. சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் என்று சொல்லி விற்கிற எவர்சில்வர் டப்பா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது. கம்பெனியின் பெயரை என் பதிவில் எழுதிவிட்டேன். இங்கே டப்பா கம்பெனி என்றாலே போதும்.

அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் 'திருவள்ளூர்' என்று போட்டிருந்தது. நானும் நம்பி, சென்ட்ரலில் மின்சார ரயில் பிடித்து, வேப்பம்பட்டு வரை நின்றுகொண்டே போய், அங்கே ஒரு அம்மாள் இறங்கியதும் உட்கார்ந்து, திருவள்ளூரில் இறங்கினேன். பெருமாள் கோயில் தெருவில் பொங்கல் சாப்பிட்டேன். மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள், நெய்யும் நெய்தான். கைகழுவிவிட்டு வரதனுக்குப் போன் போட்டு மண்டபத்துக்கு வழி கேட்டேன்.

"மேடம், நீங்க திருவள்ளூர்லயா இருக்கேள்? அது மாவட்டம் மேடம். மண்டபம் கும்மிடிப்பூண்டில. அது வேற ரயில் லைன்."

"தம்பி, நீங்க ஊரு பேரைத்தானே போட்டிருக்கீங்க?"

"கும்மிடிப்பூண்டின்னு போட்டா புகை, லாரின்னு நெனச்சுண்டு யாரும் வரமாட்டான்னு ஸ்பான்சர் சொன்னார். தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் அங்க பெருமாள் கோயில் தெருதான். ஆத்துல அப்பா இருக்கார், ஒரு காபி சாப்ட்டுட்டு..."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரை மாற்றிச் சொன்னவன் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு அவனைத் திட்டி எழுத எனக்கு வராது.

பெரியபாளையத்தில் மாறி இன்னொரு பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் தெலுங்கில் சலித்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "இந்த பஸ்ஸு நிக்க வேண்டிய ஸ்டாப்புல நிக்காதாம், நிக்காத எடத்துலலாம் நிக்குமாம். டெய்லி இதே பாட்டுதான். ஆனா டெய்லி இதுலதான் வராங்க" என்றாள். அந்தப் பெரியவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பேருந்து நிற்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்றது.

கும்மிடிப்பூண்டி நான் நினைத்த மாதிரி இல்லை. வரதனின் ஸ்பான்சர் நினைத்த மாதிரிதான் இருந்தது. லாரி, அதற்குப் பின்னால் லாரி. இரும்புத் தூசு படிந்த வேப்பமரங்கள். டீக்கடைப் பலகையில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும். ஒடியாக்காரப் பையன்கள் சமோசாவைப் பிய்த்து மிளகாயோடு தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் விடிகாலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். இங்கே எந்நேரமும் யாராவது வேலைக்குப் போய்க்கொண்டும் யாராவது வேலை முடிந்து வந்துகொண்டும் இருக்கிறார்கள். இந்த ஊர் எப்போது தூங்கும் என்று தெரியவில்லை.

தங்குமிடத்தில் எனக்கு அறைத்தோழி கோயம்புத்தூர் சுகந்தி. சமையல் பதிவர், நல்ல பெண், என்னைவிட வயதில் பாதி. கட்டில் மேல் ஆளுக்கொரு பை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு டப்பா, ஒரு டீ-சர்ட், ஒரு பென்டிரைவ். பென்டிரைவில் படங்களும், மாநாடு எப்படி நடந்தது என்ற கட்டுரையும் தயாராக இருந்தன. மாநாடு மறுநாள்தான் தொடங்குகிறது.

சுகந்தி குளித்துவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்தக் கட்டுரையில் அங்கங்கே 'என் அன்பு வாசகர்களே' சேர்த்தாள், இரண்டு வரியை மேலும் கீழும் மாற்றினாள், நாளை மறுநாள் மதியம் தானாக வெளியாகட்டும் என்று நேரத்தைப் பொருத்தினாள். இந்த வசதி எல்லா வலைப்பதிவிலும் உண்டு. ஊருக்குப் போகும்போது நான்கூடப் பயன்படுத்துவேன்.

"ஏனுங்க்கா, நீங்களும் இப்பவே போட்டு வச்சிருங்க. அப்புறம் ரெண்டு நாளும் நிம்மதியாச் சாப்பிட்டுட்டு படம் எடுத்துட்டு இருக்கலாமுங்க. எல்லாருமே அப்படித்தானுங்க."

"திங்காத சோத்த எப்படிம்மா ருசியா இருந்துச்சுன்னு எழுதுறது?"

"நல்லாத்தானுங்க்கா இருக்கும். ஸ்பான்சர் சாப்பாடு." சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் பெரிய அட்டையில் டப்பா படம். மைக் நன்றாக இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம் என்பதால் வரதனைப் பாராட்டிச் சொல்லிவிட வேண்டும். காலையில் சமையல் குறிப்பில் அளவு எழுதுவது பற்றி ஒருவர் பேசினார், உபயோகமாக இருந்தது. வாசகர்களை எப்படிப் பெருக்குவது என்று ஒருவர் பேசினார். அவருடைய பதிவை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இட்லி வடகறிக்கு வரிசையில் நின்றபோதுதான் ஸ்டெல்லா அறிமுகமானாள். பளீர்க் கிளிப்பச்சையில் புதுச் சுடிதார், கழுத்தில் லேமினேட் செய்த பேச்சாளர் அட்டை. அட்டை திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் முன்பக்கத்தை எடுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீதான கூட்டம் போனோம் சோறு தின்னோம்? ஒண்ணு வுடாம படிச்சிகிறேன். நான்தான் டப்பா சுத்து."

'டப்பா சுத்து' எனக்குத் தெரியும். கொஞ்சம் பேர் படிக்கும் சின்ன வலைப்பதிவு. ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் மதியம் கொண்டுவரும் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டு, கீழே நாலு வரி எழுதியிருப்பாள். 'இன்னிக்கு கோமளா கருவாட்டுத் தொக்கு. உப்பு ஜாஸ்தி.' அவ்வளவுதான். அந்த 'உப்பு ஜாஸ்தி'க்காகவே நான் விடாமல் படிப்பேன்.

ஸ்டெல்லா வேலை செய்வது இந்த டப்பா கம்பெனியிலேயேதான், பேக்கிங் லைனில், ஒப்பந்தத் தொழிலாளியாக. ஊர் கவரப்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நம்முடைய தொழிலாளியே ஒரு பதிவர் என்று தெரிந்ததும் கம்பெனிக்காரர்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. மேடையில் பேசச் சொல்லி, இரண்டு நாள் ஷிப்டிலிருந்தும் விடுவித்திருந்தார்கள்.

"ரயில்ல போவ சொல்லோ வர சொல்லோ அதான் மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேன். பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தவங்கலாம் நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சிக்கினாங்க" என்று சிரித்தாள். "ஃபுல்லா எங்க லைன் கதைதான்க்கா. எல்லாம் வெயிட் பண்ணிக்கினு கீறாளுங்க. எங்களப் பத்தி இன்னா சொன்னன்னு வந்து சொல்லணும்னு கண்டிசன்."

மதியத்துக்கு முன் அவள் பேசுவதாக இருந்தது. அதற்கு முன் கம்பெனியின் விற்பனை மேலாளர் மைக்கைப் பிடித்தார். மைக்கை விட அவருக்கு மனமில்லை. டப்பாவின் உள் சுவர், வெளிச் சுவர், நடுவில் உள்ள வெற்றிடம், மூடியின் ரப்பர் என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். பிறகு சாப்பாடு. பிரியாணி, கத்தரிக்காய் கொத்சு, வெங்காயப் பச்சடி. பிரியாணி பிரமாதம், எங்கள் ஊரில் இந்தப் பக்குவத்துக்குப் பாய் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் போக வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பாதிப் பேர் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வரதன் கையைப் பிசைந்துகொண்டு ஸ்டெல்லாவிடம் வந்தான்.

"நாளைக்கு ஃபேக்டரிக்குப் போறோமில்லையா, அங்கயே பேசிடலாம்மா. உங்க லைன்லயே. இன்னும் நன்னா இருக்கும்."

ஸ்டெல்லா அட்டையை நேராக்கிக்கொண்டு தலையாட்டினாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாள் அவள் சுடிதாரைத் துவைத்துக் காயவைத்து அதையே போட்டுக்கொண்டு வந்தாள். எங்களை முதலில் பழவேற்காட்டுக்குப் பேருந்தில் அழைத்துப் போனார்கள். ஏரிக்கரையில் ஆளுக்கொரு டப்பாவைக் கையில் பிடித்துப் படம். அதற்காகப் பையில் கொடுத்த டப்பாவை எல்லோரும் மறக்காமல் எடுத்துவர வேண்டும் என்று உத்தரவு. திரும்பும் வழியில் தொழிற்சாலை, அங்கே ஸ்டெல்லாவின் பேச்சு, பிறகு அதே டப்பாக்களில் சூடான சாப்பாடு. இதுதான் திட்டம்.

படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பொன்னேரிக்கு இந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மீஞ்சூர்லேந்து கிரேன் வரணும். வந்தா எடுப்பாங்க" என்றார். வந்தால் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடித்து உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியது. பேருந்து முழுக்கப் பசித்த பதிவர்கள், ஒவ்வொருவர் மடியிலும் காலி டப்பா. வரதன் கொஞ்ச தூரம் நடந்துபோய் ஒரு பெட்டிக்கடையில் இருந்த பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் மொத்தமாக வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். அவனுக்கு என்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் டிங் என்றது ஒரு போன். அடுத்து இன்னொன்று. பிறகு பேருந்தின் நான்கு மூலையிலும் டிங், டிங். பொருத்தி வைத்த பதிவுகள் எல்லாம் வெளியாக ஆரம்பித்துவிட்டன. 'தொழிற்சாலையின் தூய்மை கண்டு வியந்தோம்.' 'ஆவி பறக்கும் சாப்பாடு, அதே டப்பாவில்!' 'தொழிலாளி ஸ்டெல்லாவின் பேச்சு அரங்கில் இருந்த எல்லோரையும் கண் கலங்க வைத்தது.' முன் இருக்கையில் ஒருவர் தன்னுடைய பதிவைத் தானே படித்துவிட்டு, வாழைப்பழத்தோல் கையில் இருக்க, வாய்விட்டுச் சிரித்தார். பேருந்தே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. சுகந்தியின் போனை வாங்கி ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பதிவுகளிலும் அந்த வரி ஒரே மாதிரி இருந்தது, பென்டிரைவிலிருந்து வந்தது. "'எங்கள் டப்பாவில் காலையில் வைத்த சோறு ராத்திரி வரை சூடாக இருக்கிறது. நான் தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன்' என்றார் ஸ்டெல்லா."

"நான் எங்கக்கா சொன்னேன்?"

அதற்குள் அவள் போனே அடித்தது. லைனிலிருந்து கோமளா, கருவாட்டுத் தொக்கு கோமளா. இடைவேளை போலிருக்கிறது. ஸ்டெல்லா பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள், பாதிப் பேருந்துக்குக் கேட்டது.

"இன்னாடி, பெரிய ஆளாயிட்ட? டெய்லி கம்பெனி டப்பாலதான் துன்றியா நீ? ஐஸ்கிரீம் டப்பால எடுத்தாறது யாரு, உன் ஆவியா?"

"ஏய், நான் பேசவே இல்லடி. பஸ்லதான் ஒக்காந்துகினு கீறேன்."

"நெட்ல போட்டுகிறாங்க, எல்லாரும் அழுதாங்கன்னு. எங்களப் பத்திப் பேசறேன்னு போயி சூப்பர்வைசர் பேசற மாதிரி பேசிகிற. நாளிக்கு உன் டப்பா எங்க பக்கம் வர வேணாம். தனியா துன்னு."

போன் வைக்கப்பட்டது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண் கலங்க வைத்ததாகப் பதிவுகளில் இருந்தது இந்த ஒரு வகையில் உண்மையாகிவிட்டது என்று நினைத்தபோது எனக்கு என் சிரிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

சுகந்திக்கு முகம் செத்துவிட்டது. உடனே அவள் பதிவை நீக்கப் பார்த்தாள். நீக்கினாள் என்றும் சொல்ல வேண்டும். ஆனால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

வரதன் என் பக்கத்தில் வந்து குனிந்தான். நான் என்ன எழுதப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"மேடம், என்னைப் பத்தி, மாநாட்டைப் பத்தி எது வேணா எழுதுங்கோ. திருவள்ளூர்னு போட்டதையும் எழுதுங்கோ. ஸ்டெல்லா பேர் மட்டும் வேண்டாம். அவ கான்ட்ராக்ட். கம்பெனி சொன்னதைப் பொய்னு அவ பேர்ல வந்தா நாளைக்கு கேட்லயே நிறுத்திடுவா. நமக்கு ஒரு பதிவு, அவளுக்கு அது வேலை."

அவன் சொன்னது நியாயம். இத்தனை காலம் சாம்பாரையும் மைக்கையும் பற்றி உண்மை எழுதிக்கொண்டிருந்தவள் நான், அதனால் யாருடைய அடுப்பும் அணைந்ததில்லை. பெயர் இல்லாமல் எழுதிவிடலாம் என்றுதான் முடிவுக்கு வந்தேன். அதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"பேர் போடாம எழுதுனா யாருக்குக்கா தெரியும்? அவங்க போட்டதுல என் பேர் கீது. நீ போடறதுல இல்லன்னா, நான் சொன்னதாத்தான ஆவும்? நீ என் பேரப் போட்டே எழுது. நான் பேசலன்னு."

"வேலை போயிருச்சுன்னா?"

"இந்த பேட்டைல டப்பா கம்பெனி ஒண்ணுதானாக்கா கீது? கஷ்டந்தான். ஆனா வேற வேலை தேடிக்கலாம். எங்க லைன எங்க போய் தேடறது?" என்றாள். பிறகு, அழுகை நின்ற வேகத்தில் ரோஷம் வந்துவிட்டது. "அதுவும் இல்லாம, நான் எழுதி வெச்சது இதவிட நல்லா இருக்கும்க்கா. இது இன்னா பேச்சு? விளம்பரம்!"

"அப்ப இப்பப் பேசு. நான் பாத்துட்டு எழுதுறேன்."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எழுந்தாள். கிளிப்பச்சைத் துப்பட்டாவைச் சரி செய்தாள், அட்டையை நேராக்கினாள், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க லைன்ல பெல் அடிச்சா எல்லாரும் ஒண்ணா மூடியத் தொறப்போம். அவங்கவங்க டப்பால அவங்கவங்க துன்னக் கூடாது. அதான் ரூல்ஸ். ஒரு வாய் எடுத்துக்கினு வலது கைப் பக்கம் தள்ளணும். அப்டியே சுத்தி வரும். நம்ம டப்பா நம்மகிட்ட வர சொல்லோ காலியா இருக்கும், ஆனா வயிறு ரொம்பிடும். சில நாளு ஒருத்தி ஊட்ல ஒண்ணும் ஆக்கியிருக்க மாட்டா. புருசன் சண்டையா இருக்கும், அரிசி இல்லாம இருக்கும், இன்னான்னு யாரும் கேக்க மாட்டோம். அவ வெறும் டப்பாவத் தொறந்து வெச்சா போதும். அதுவும் சுத்தும். ஆனா அதுலேந்து யாரும் எடுக்க மாட்டாங்க, ஆளுக்கு ஒரு வாய் அதுல போட்டுத் தள்ளுவாங்க. கடைசில பாத்தா அந்த டப்பாதான்..."

இந்த இடத்தில் மறந்துவிட்டாள். "அந்த டப்பாதான்... அந்த டப்பா..." என்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். ரயிலில் அத்தனை தடவை சொன்னது ஓடிப்போய்விட்டது. "அவ்ளோதான். நன்றி" என்று சொல்லி வேகமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கண் யாருக்கும் கலங்கவில்லை. நாலைந்து பேர் கை தட்டினார்கள். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதன் கதவருகே நின்று வெளியே பார்த்தபடி இருந்தான். டிரைவர் மட்டும் திரும்பி, "முட்டை இருந்தா மொத ஆளே எடுத்துக்க மாட்டானா?" என்று கேட்டார். "பாதிப் பாதியா நறுக்கினு வரணும்" என்று ஸ்டெல்லா அழுத்தமாகச் சொன்னாள்.

கிரேன் ஒருவழியாக வந்தது. அதற்குள் தொழிற்சாலையில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. நேராகத் தங்குமிடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். வடகறி, பிரியாணி, விற்பனை மேலாளர், திருவள்ளூர் என்ற பொய், வரதன் தனக்கு எடுத்துக்கொள்ளாத வாழைப்பழம், வெளியான பதிவுகள், எல்லாம். ஸ்டெல்லா மண்டபத்தில் பேசவில்லை, தொழிற்சாலையில் பேசவில்லை, பொன்னேரிச் சாலையில் நின்றிருந்த பேருந்தில் பேசினாள், இதுதான் பேசினாள், நடுவில் மறந்துவிட்டாள் என்று எழுதி, எந்த நேரத்துக்கும் பொருத்தாமல் உடனே வெளியிட்டேன்.

பத்து நிமிஷத்தில் போன்.

"அக்கா, எல்லாம் சரி. மறந்துட்டேன்னு ஏன் எழுதுன?"

"மறந்தேல்ல?"

"மறந்தேன். அத எழுதணுமா?" கோபமாகவே வைத்துவிட்டாள். எனக்கும் அது வேண்டாத வரியோ என்று தோன்றியது. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். எதிரே வந்து நின்ற வண்டியிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். அதில் ஒரு கும்பல் படியேறி என் நடைமேடைக்கு வந்தது. முன்னால் ஸ்டெல்லா. அவள் தோளில் கை போட்டபடி, குட்டையாக, சத்தமாக ஒரு பெண். அவள்தான் கோமளா என்று குரலிலேயே தெரிந்தது.

"நீதானாக்கா அது? இவ பேசவே இல்லன்னு ராத்திரி வரைக்கும் சத்தியம் பண்ணா, நாங்க நம்பல. அப்பறம் நீ எழுதுனதப் படிச்சோம். அதுவும் கம்பெனி சொல்லி எழுதுனதுன்னுதான் மொதல்ல நெனச்சோம். நடுவுல மறந்துட்டு நின்னான்னு போட்டிருந்த பாரு, அதப் பாத்துதான் நம்புனோம். காசு வாங்கினு எழுதறவங்க அத எழுத மாட்டாங்களே. அதுவும் இவ மறக்கிறவதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பேச்சை மாற்ற, நாஷ்டா ஆச்சா என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டுவைத்தேன்.

"உங்கிட்ட டப்பா கீதா?" என்றாள் கோமளா.

பையில் இருந்த கம்பெனி டப்பாவைத் தவிர என்னிடம் வேறு ஏது? எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். காலியாக இருந்தது. அதை வலது கைப் பக்கம் தள்ளினாள். நடைமேடையில் நின்றபடியே அவரவர் ஐஸ்கிரீம் டப்பாக்களைத் திறந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சை சோறு, உருளைக்கிழங்கு, பாதி முட்டை, தொக்கு. டப்பா என்னிடம் வந்தபோது மூடி உட்காரவில்லை, அழுத்தி மூட வேண்டியிருந்தது. என் வண்டி வந்துவிட்டது.

ஸ்டெல்லாவை அந்த வாரமே பேக்கிங்கிலிருந்து மாற்றி, நாற்றமடிக்கும் பாலிஷ் பிரிவில் போட்டார்கள். ஒப்பந்தம் முடியும்போது என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கவலை எனக்கு இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் பழைய இடத்துக்கு ஓடிவிடுகிறாளாம். வரதன் என்னைப் பதிவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். நீக்குவதற்கு முன் மன்னிக்கவும் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தான்.

நான் அந்த டப்பாவைத் திறந்தது அன்று மதியம், ஊருக்குத் திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டி. ஒவ்வொரு வாயாகத் தின்றுகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் போன்.

"அக்கா, துன்னியா?"

"தின்னுக்கிட்டே இருக்கேம்மா."

"சூடா கீதா?"

"ஆறிப்போச்சு." அவள் வேறு எதற்கோ காத்திருப்பது போலிருந்தது. "ஆனா ரொம்ப நல்லா இருக்கு."

"ரெண்டையும் எழுதுக்கா" என்றாள்.